பரணில் கிடக்கும் ஃபிலிம் கேமராவை மறுபடியும் ஓட வைப்பது எப்படி

கேனன் தன் கடைசி ஃபிலிம் எஸ்எல்ஆரான (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா) ஈஓஎஸ்-1வி விற்பனையை 2018-ல் முடித்துக்கொண்டது. நிக்கான் எஃப்6 2020-ல் நின்றது. ஃபிலிம் கேமராவுக்கு அதோடு மூடுவிழா என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் 2022-ல் லைக்கா எம்6 மறுபடி கடைக்கு வந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புது ஃபிலிம் கேமரா வெளிவந்தது. இங்கிலாந்தின் மாபர்லியில் ஹார்மன் நிறுவனம் இல்ஃபோர்ட் ரோல்களைத் தொடர்ந்து தயாரிக்கிறது, செக் நாட்டில் ஃபோமா தயாரிக்கிறது, கோடக்கும் நிறுத்தவில்லை. 1960-ல் ஊட்டியில் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்தான் இன்று இல்லை.

இனிமேல் ஃபிலிம் கேமரா எத்தனை காலம் ஓடும் என்பதைப் புது மாடல்கள் தீர்மானிக்கப் போவதில்லை. பழைய கேமராக்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த கைகளும், ரோலைக் கழுவித் தரும் லேப்களும்தான் குறைந்துவிட்டன. அந்த இரண்டு வேலைகளிலும் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கான வழி இது.

எந்தக் கேமராவுக்கு ஆயுள் இருக்கிறது

பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூன்றும் இந்த வகை. இவற்றில் பேட்டரி ஒளி மீட்டருக்கு மட்டும்தான். மீட்டர் செத்துப்போனாலும் படம் எடுக்கலாம். உள்ளே இருப்பது பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். பொறுமையும் அனுபவமும் உள்ள ஒரு மெக்கானிக்கால் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு மாட்ட முடியும்.

கேனன் ஏஇ-1 அழகான கேமராதான். ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது, 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அசையாது. ஷட்டரை அழுத்தும்போது இருமுவது போன்ற கீச்சு ஒலி வந்தால், கண்ணாடியை இயக்கும் சக்கரம் எண்ணெய் வற்றிக் கிடக்கிறது என்று பொருள். மெக்கானிக் உள்ளே சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போய்விடும். பயந்து தள்ளுபடி செய்ய வேண்டாம்.

தொண்ணூறுகளில் வந்த, மோட்டார் வைத்த, தானே ஃபோகஸ் செய்யும் சின்ன கேமராக்களுக்கு அதிக விலை கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அவற்றின் சர்க்யூட் போனால் மாற்று கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், ஓடும்வரை ஓட்டுங்கள்.

ரோல் போடும் முன் சோதனை

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் லேசாக நனைத்துத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பு கம்பி வழியாக உள்ளே ஏறியிருந்தால் கம்பியையே மாற்ற வேண்டியிருக்கும்.

லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுவதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் நீண்ட நாள் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வளரும். நம் கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பரவி, கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தால், துடைத்தாலும் தழும்பு போகாது. அந்த லென்ஸை வாங்காதீர்கள். தோல் உறைக்குள் கேமராவைப் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் பெரிய அழைப்பு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.

அடுத்தது ஷட்டர். பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1/1000 நொடி வேகத்தில் அழுத்துங்கள். ஷட்டர் என்பது அடுத்தடுத்து ஓடும் இரண்டு திரைகள். சட்டம் முழுவதும் ஒரே மின்னலாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. படத்தில் ஓரம் கறுப்பாக விழும். மெதுவான வேகங்களுக்குப் போன் போதும். ஸ்லோமோஷனை நொடிக்கு 240 ஃபிரேமில் வைத்து, ஷட்டர் திறப்பதைப் பின்னாலிருந்து பிடியுங்கள். 1 நொடிக்கு ஏறத்தாழ 240 ஃபிரேம், 1/30-க்கு 8, 1/60-க்கு 4 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். அதைவிட வேகமானவற்றுக்குப் போன் கணக்கு நம்பும்படி இருக்காது. 1 நொடி என்று வைத்தால் 2 நொடி இழுக்கிறதா? பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது. நாலைந்து தடவை வெறுமனே அழுத்தினால் சில சமயம் இளகும். இளகாவிட்டால் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து எண்ணெய் விடவே கூடாது. அது திரையிலும் அப்பர்ச்சர் இதழ்களிலும் பரவி ஒட்டிக்கொள்ளும்.

பின்கதவின் ஓரத்துக் காடியில் கறுப்பு நுரை ஒன்று இருக்கும். வெளிச்சம் கசியாமல் தடுப்பது அதுதான். பத்து இருபது ஆண்டுகளில் அது மக்கித் தார் மாதிரி பிசுபிசுப்பாகிவிடும். விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்தக் கேமராவில் ரோல் போடாதீர்கள். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது வெள்ளைக் கீற்றுகள் விழும். மூங்கில் பல்குச்சியின் நுனியை ஆல்கஹாலில் நனைத்து, பழைய நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்தால் துகள் ஷட்டர் திரையில் விழாது. பிறகு 1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள, பின்புறம் ஒட்டும் கறுப்பு நுரைத் தாளைக் காடியின் அகலத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். காடி மிகக் குறுகலாக இருந்தால் கறுப்புக் கம்பளி நூல் நன்றாக அமரும். கீல் பக்கத்துக்குக் கொஞ்சம் அகலமான துண்டு வேண்டும். தடிமன் கூடினால் கதவு மூடாது. வலிந்து மூடினால் தாழ்ப்பாள் உடையும். மேலே கண்ணாடி வந்து மோதும் இடத்திலும் ஒரு நுரைப் பட்டை உண்டு. அதை மாற்றும்போது ஃபோகஸ் திரையில் ஆல்கஹால் படக்கூடாது. அது பிளாஸ்டிக், கறை நிற்கும்.

பேட்டரிக் குழப்பம்

கே1000-க்கு ஒரு எல்ஆர்44 பொத்தான் பேட்டரி போதும். அதில் மீட்டரை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடுவதுதான் அணைப்பது. மூடாமல் அலமாரியில் வைத்தால் பேட்டரி தானாகத் தீரும். எஃப்எம்2-க்கு இரண்டு எல்ஆர்44 வேண்டும்.

ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது தடைசெய்யப்பட்டுவிட்டது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் நகரும், ஆனால் தப்பாகக் காட்டும். செவித்திறன் கருவிக் கடைகளில் 675 என்ற துத்தநாக-காற்று பேட்டரி கிடைக்கும், 1.4 வோல்ட். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்துங்கள். அதன் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. ஒட்டுத்தாளை உரித்த பிறகு சில வாரங்கள்தான் உழைக்கும், ஆனால் மீட்டர் சரியாகப் பேசும்.

மீட்டரை டிஜிட்டல் கேமராவோடு ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணரும் திறன்) 400-ல் இரண்டையும் ஒரே சுவரின் மேல் பிடியுங்கள், வெயிலிலும் நிழலிலும். இரண்டு இடத்திலும் 1 ஸ்டாப் குறைவான (அதாவது பாதி) ஒளியே கிடைக்கும்படி சொன்னால் கவலையில்லை: ஐஎஸ்ஓ சக்கரத்தை 200-ல் வைத்துச் சமன் செய்யலாம். வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் வேறு மாதிரி என்றால் அந்த மீட்டரை மறந்துவிட்டு, போனில் ஒரு ஒளி மீட்டர் செயலி போட்டுக்கொள்ளுங்கள். டிஜிட்டலால் ஃபிலிமுக்கு வந்த கைங்கரியங்களில் இது ஒன்று.

அதுவும் இல்லையா, வெயிலையே அளவாக வைக்கலாம். ஐஎஸ்ஓ 400 ரோல், 1/500 வேகம். உச்சி வெயிலுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, மெல்லிய மேகத்துக்கு எஃப் 11, மேகமூட்டத்துக்கு எஃப் 8, மழை இருட்டுக்கு எஃப் 5.6, மர நிழலுக்கு எஃப் 4. நெகட்டிவ் ஃபிலிம் 2 ஸ்டாப் அதிக ஒளியைக்கூடத் தாங்கும். குறைந்தால் நிழல் பகுதியில் ஒன்றுமே பதியாது. சந்தேகம் வந்தால் கூடுதலாகக் கொடுங்கள். டிஜிட்டலில் பழகிய கைக்கு இது நேர்மாறு.

ரோல் போடுவதில் நடக்கும் தவறு

36 படமும் எடுத்து முடித்த பிறகு ரோல் நகரவே இல்லை என்று தெரிவதுதான் புதியவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு. காரணம், ஃபிலிமின் நாக்கு உருளையில் சரியாக மாட்டாதது. நிழலில் நின்று ரோலைப் போட்டு, நாக்கை உருளையின் பிளவில் செருகி, கதவை மூடும் முன் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை ஒரு முறை வலித்து, மேலும் கீழும் பற்கள் துளைகளில் ஏறியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். மூடிய பிறகு, இடப்பக்கச் சுருட்டும் குமிழை அம்புக்குறியின் திசையில் லேசாகத் திருகித் தொய்வை எடுங்கள். அடுத்து வலிக்கும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ரோல் ஓடுகிறது. சுழலாவிட்டால் அங்கேயே நிறுத்திக் கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள். நஷ்டம் இரண்டு மூன்று படம்தான்.

முடிந்ததும் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தாமல் சுருட்டினால் ஃபிலிம் கிழியும். வலிக்கும் நெம்புகோல் இறுகும்போது பலம் போட்டு இழுத்தாலும் அதே கதிதான்.

ரோல்களைக் குளிர்பதனப் பெட்டியில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் ஃபிலிமின் மேல் நீர் பூக்கும். நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் விட்டால்கூட கலர் ரோல் நிறம் மாறிவிடும். விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனர் எந்த ஐஎஸ்ஓ ரோலையும் மங்கலாக்கும். கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

வீட்டில் கறுப்பு-வெள்ளை ரோல் கழுவுவது

இருட்டறை வேண்டாம். ரோலைச் சுருளில் ஏற்ற ஒரு மாற்றுப் பையும் (கைகளை மட்டும் நுழைக்கக்கூடிய, வெளிச்சம் புகாத பை), வெளிச்சம் புகாத ஒரு டேங்கும் இருந்தால் குளியலறையே போதும். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. திரவம் வேண்டும், 300 என்று வைத்துக்கொண்டால் அளக்கச் சுலபம்.

படத்தைத் தெரியவைக்கும் திரவம் டெவலப்பர். அது பொட்டலமாகக் கிடைக்காத ஊரில், ஆய்வக ரசாயனக் கடையில் பொருள் வாங்கி டி-76 என்ற டெவலப்பரைக் கலக்கலாம். 1 லிட்டருக்கு: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரிச் சூட்டில் 750 மி.லி. நீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும், அது கரைந்த பிறகே மீதிச் சல்ஃபைட், அப்புறம் ஹைட்ரோகுவினோன், கடைசியில் போராக்ஸ். இந்த வரிசை முக்கியம்: சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாது, சல்ஃபைட்டே இல்லாத நீரில் மெட்டால் காற்றுப் பட்டுக் கெடும். எல்லாம் கரைந்ததும் நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். கையுறை போடாமல் செய்யாதீர்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். பழுப்புப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடினால் 6 மாதம் இருக்கும், பாதி காலியான பாட்டிலில் 2 மாதம்தான்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் குளியலுக்குச் சமையல் வினிகர் 1 பங்கு, நீர் 3 பங்கு. அடுத்தது ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் சோடியம் தயோசல்ஃபேட். அதற்கு 50 டிகிரி வெந்நீர் எடுங்கள். ஹைப்போ கரையும்போது நீரின் சூட்டை உறிஞ்சும், பாத்திரம் கையில் ஜில்லென்று ஆவதை உணரலாம். குளிர்ந்த நீரில் தொடங்கினால் பாதி கரையாமலே நிற்கும். 1 லிட்டருக்குப் படிக ஹைப்போ 250 கிராம். நீரற்ற தூளாக இருந்தால் 160 கிராம். கரைந்து ஆறிய பிறகு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 25 கிராம். சூட்டோடு சேர்த்தால் கந்தகம் பிரிந்து திரவம் பால் போலக் கலங்கிவிடும். நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். டெல்டா, டி-மேக்ஸ் வகை ரோல்களுக்கு இந்தச் சாதா ஹைப்போ மிக மெதுவாக வேலை செய்யும். அவற்றுக்கு அமோனியம் தயோசல்ஃபேட் உள்ள ரேப்பிட் ஃபிக்ஸர் வாங்குங்கள்.

இனி ரோல் ஏற்றுவது. நம் ஊரில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பைக்குள் கை போன இரண்டாம் நிமிடமே வியர்க்கும். ஈரம் பட்டால் ஃபிலிம் பிளாஸ்டிக் சுருளின் காடியில் ஒட்டி நகர மறுக்கும். வலிந்தால் மடிந்து, நெகட்டிவில் பிறை வடிவத்தில் கறுப்புத் தழும்பு விழும். ஏசி அறையிலோ விடியற்காலையிலோ செய்யுங்கள். சுருளை முந்தின நாளே உலர்த்துங்கள். ஃபிலிமின் நாக்கை நேராக வெட்டி இரு மூலைகளையும் வளைவாகக் கத்தரித்துக்கொண்டால் காடியில் சிக்காது. சிக்கினால், ஃபிலிமை டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக் காற்று வாங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பழைய ரோல் ஒன்றைத் தியாகம் செய்து, வெளிச்சத்தில் கண் திறந்து பலமுறை, பிறகு கண் மூடிப் பலமுறை பழகிய பின்பே உண்மையான ரோலைத் தொடுங்கள்.

இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸ் ரோலுக்கு டெவலப்பர் 150 மி.லி., நீர் 150 மி.லி. 20 டிகிரியில் 13 நிமிடம். சித்திரையில் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் 20-க்கு இறக்குவது பெரும்பாடு. 24 டிகிரியில் நிறுத்திக்கொள்ளலாம். நேரம் ஏறத்தாழ 9 நிமிடம் ஆகும். அதற்கு மேல் சூடு போக விடாதீர்கள். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் கறுப்பு திட்டுத்திட்டாகப் படியும், ஜெலட்டினும் இளகிக் கீறல் விழும். வாளியில் நீர் வைத்து, கட்டிப் போட்ட பைகளில் ஐஸ் மிதக்கவிட்டு, எல்லாப் பாட்டில்களையும் அதில் நிறுத்துங்கள். கழுவும் நீரும் அதே வாளியில் இருக்கட்டும். 24 டிகிரி டெவலப்பரிலிருந்து 33 டிகிரிக் குழாய் நீருக்கு ஃபிலிமை மாற்றினால் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க வெடித்த களிமண் போன்ற கோடுகள் வரலாம்.

ஊற்றியதும் டேங்கைத் தரையில் ஓங்கித் தட்டிக் குமிழிகளை விரட்டுங்கள். விட்டால் நெகட்டிவில் வெளிறிய வட்டங்களாக நிற்கும். முதல் 10 நொடியில் 4 தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 4 தடவை. வேகமாகக் குலுக்கினால் துளைகளின் ஓரம் அதிகமாகக் கறுக்கும். நேரம் முடிய 10 நொடி இருக்கும்போதே கொட்டத் தொடங்கி, நிறுத்தும் குளியலில் 30 நொடி, பிறகு ஹைப்போவில் 10 நிமிடம். ஹைப்போ உயிரோடு இருக்கிறதா என்பதை முன்பே சோதிக்கலாம்: வெட்டி எறிந்த நாக்குத் துண்டை அதில் போட்டு, எத்தனை நிமிடத்தில் பால் நிறம் போய்த் தெளிகிறது என்று பாருங்கள். அதைப் போல இரண்டு மடங்குதான் உங்கள் நேரம். புதிதில் ஆனதைவிடத் தெளிய இரட்டிப்பு நேரமானால் அந்த ஹைப்போவை மாற்றுங்கள்.

கழுவுவதற்கு ஓடும் நீர் தேவையில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். புது நீரில் 10 முறை. மறுபடி புது நீரில் 20 முறை. சாதா ஹைப்போவுக்கு இன்னொரு சுற்று 20 முறை சேர்த்துக்கொள்வது நல்லது. போர் நீர் உள்ள வீட்டில் கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள். உப்பு நீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். ஃபேனை அணைத்துவிட்டு, குளியலறைக் கொடியில் கிளிப் போட்டு, கீழ் நுனியிலும் ஒரு கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். விரலால் வழிக்க வேண்டாம். ஒரு மணல் துகள் போதும், 36 படத்திலும் ஒரே கோடு.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. நேராகச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒரு பழைய வாளியில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு, சில நாள் ஊறவிட்டால் வெள்ளி அடியில் கறுப்புச் சேறாகப் படியும்.

கலர் ரோல்

கலர் நெகட்டிவின் சி-41 முறைக்கு 38 டிகிரி வேண்டும், டெவலப்பரில் 3 நிமிடம் 15 நொடி. குளிர் நாட்டவர் வெந்நீர்க் கருவி வைத்துப் பாடுபடும் இந்தச் சூடு, நம் கோடையில் வாளித் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் வந்துவிடும். ஆனால் அரை டிகிரி பிசகினாலும் நிறம் சாயும். கறுப்பு-வெள்ளையில் கை பழகும்வரை லேபுக்கே அனுப்புங்கள். சினிமா ஃபிலிமை வெட்டிச் சுருட்டி விற்கும் ரோலாக இருந்தால், பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, லேபிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அந்தக் கரி மற்றவர்களின் ரோலையும் சேர்த்துக் கெடுக்கும்.

நெகட்டிவிலிருந்து கணினிக்கு

தனி ஸ்கேனர் தேவையில்லை. மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் நேர் கீழாகப் பார்க்கும்படி நிறுத்தி, நிறத் துல்லியம் 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகையின் மேல் நெகட்டிவை வைத்து எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா (சுருக்கப்படாத மூல) கோப்பு, 2 நொடி டைமர். நெகட்டிவுக்கும் பலகைக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விட்டால் பலகையின் தூசியும் புள்ளிகளும் ஃபோகஸில் வராது. சட்டத்துக்கு வெளியே தெரியும் பலகையைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் லென்ஸில் சிதறிப் படம் வெளிறும். கேமரா சமமாக இருக்கிறதா என்று பார்க்க, பலகையின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழ வேண்டும்.

எடுத்த பிறகு நெகட்டிவை எறிந்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் போனால் திரும்ப எடுக்க இருப்பது அதுதான். ஆறு ஆறு படமாக வெட்டி, பாலிபுரோப்பிலீன் உறைகளில் போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் ஃபிலிமில் ஒட்டும். உறையின் மேல் ரோலின் பெயர், தேதி, டெவலப்பர், சூடு, நேரம் ஐந்தையும் எழுதுங்கள். அடுத்த ரோல் வெளிறியோ கறுத்தோ வந்தால் எதை மாற்றுவது என்று அந்த வரிதான் சொல்லும். உறைகளைக் கேமரா இருக்கும் அதே டப்பாவில் வைக்கலாம். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்தி, நீலம் திரும்பிய பிறகு உள்ளே போடுங்கள்.